மந்திர மோதிரத்துக்கு யார் விலை போடுவது? 2024 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு, ஏழாம் அத்தியாயம்: ஒரு மதிப்புரை

"மச்சி, போஷன் குடிக்க முழு ஆக்‌ஷன் போகுமா?" "போகும்டா." "நான் தீஃப். ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் இருக்கு. போனஸ் ஆக்‌ஷன்ல குடிப்பேன்." "அது மேஜிக் ஐட்டம்டா, செல்லாது." "பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல சாதாரணச் சாமான் பட்டியல்லதானே போட்டிருக்கான்?"

டி அண்ட் டி, அதாவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். அதன் ஐந்தாம் பதிப்பை ஆடும் மேசையில் இந்தப் பேச்சு வராமல் இருந்ததில்லை. தன் முறை வரும்போது செய்யும் பெரிய செயல் ஆக்‌ஷன், கூடவே கிடைக்கும் சின்னச் செயல் போனஸ் ஆக்‌ஷன்; தீஃப் என்பது திருடன் பாத்திரம், ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் அவனுடைய கைவேகத் திறன். சேலம் அழகாபுரத்து மொட்டை மாடியாக இருக்கட்டும், ஏற்காட்டில் வாடகைக்கு எடுத்த அறையாக இருக்கட்டும், கோப்ளினோடு போடும் சண்டையைவிட இந்தச் சண்டைதான் நீளம். ஆட்டத்தை நடத்துகிறவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம்; அவருக்கான விதிநூல் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு, ஆட்டக்காரர்களுக்கானது பிளேயர்ஸ் ஹேண்ட்புக். 2014 கைடில் மந்திரப் பொருள் பகுதி ரசிக்கும்படி இருந்தது. ஆனால் நடுவர் வேலை பார்க்கும் டிஎம்முக்குத் தேவையான ஒற்றை வரி பல இடத்தில் கிடைக்காது. 2024 நவம்பரில் வந்த புதிய கைடு, 384 பக்கம், அட்டை விலை 49.99 டாலர், அந்த வரிகளை எழுதிவிட்டதா என்பதுதான் இங்கே கேள்வி. நூல் முழுவதையும் பற்றியதல்ல இந்த மதிப்புரை. புதையலுக்கென்று உள்ள ஏழாம் அத்தியாயம் மட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். எந்தப் பொருளை எந்தச் செயலால் இயக்குவது என்ற குழப்பம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2014-இல் மந்திரப் பொருளை ஆக்‌ஷன் கொடுத்து இயக்குவது சாதாரணப் பொருளைப் பயன்படுத்தும் ஆக்‌ஷன் ஆகாது என்று ஒரு வாக்கியம் உண்டு. ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் செல்லாது என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். அதைப் படித்திருந்தவர்கள் குறைவு. ஹீலிங் போஷன் இரண்டு நூலிலும் இரண்டு வேடத்தில் இருந்ததால் படித்தவர்களுக்கும் சந்தேகம். இப்போது சாதாரணப் பொருளுக்கு யூட்டிலைஸ் ஆக்‌ஷன், மந்திரப் பொருளுக்கு மேஜிக் ஆக்‌ஷன் என்று தனித்தனிப் பெயர் வந்துவிட்டது. தீஃபின் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ், மேஜிக் ஆக்‌ஷன் கேட்கும் மந்திரப் பொருளையும் போனஸ் ஆக்‌ஷனில் இயக்க விடுகிறது. ஹேஸ்ட் மந்திரம் தரும் கூடுதல் ஆக்‌ஷனில் யூட்டிலைஸ் உண்டு, மேஜிக் இல்லை. எனவே ஹேஸ்ட் வாங்கிக்கொண்டு மந்திரக்கோலையும் வீசுவேன் என்பவரிடம் இனி வாதாட வேண்டியதில்லை, பெயரைக் காட்டினால் போதும்.

போஷன் எல்லோருக்கும் போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டது. தானே குடித்தாலும் சரி, விழுந்து கிடக்கும் தோழன் வாயில் ஊற்றினாலும் சரி. பாதி மேசைகள் வீட்டு விதியாக ஏற்கெனவே ஆடிவந்ததுதான். இதில் ஒரு பக்கவிளைவைக் கவனிக்கணும். 2d4+2 (நான்முகப் பகடை இரண்டின் கூட்டலோடு 2) குணமாக்கும் 50 பொற்காசு போஷன் இப்போது அடிக்கும் கையைத் தடுக்காது. கையிருப்பு வேகமாகக் கரையும். மூன்றாம் லெவலுக்குள் ஆளுக்கு இரண்டு போஷன் என்று கணக்கிட்டுப் புதையல் வைத்த பழைய சாகசங்களை அப்படியே ஓட்டினால் சண்டைகள் சப்பென்று போகும். போஷனைக் குறைக்காதீர்கள், எதிரிக்கு ஒரு ஆளைக் கூட்டுங்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் கோலுக்குள் இருக்கும் மந்திரத்தில். 2014 விதி: தன் முறையில் போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் போட்டால், அதே முறையில் ஒரு ஆக்‌ஷன் கேன்ட்ரிப் (செலவில்லாத சின்ன மந்திரம்) தவிர வேறெதுவும் போட முடியாது. மிஸ்டி ஸ்டெப் (போனஸ் ஆக்‌ஷனில் இடம் தாவும் மந்திரம்) போட்டுத் தப்பித்தபின் வாண்ட் ஆஃப் மேஜிக் மிசைல்ஸை, அதாவது மந்திர அம்பு எய்யும் கோலை, நீட்டினால், அதுவும் மந்திரம் போடுவதுதான், கேன்ட்ரிப் அல்ல, செல்லாது. பாதி டிஎம்கள் "கோல்தானே போடுகிறது" என்று விட்டுவிடுவார்கள், மீதிப் பேர் விட மாட்டார்கள். 2024 விதி வேறு வழியில் எண்ணுகிறது: ஒரு முறையில் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டுக்கு (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) மேல் செலவழிக்கக் கூடாது, அவ்வளவுதான். கோல் ஸ்லாட்டைத் தொடுவதில்லை. எனவே மிஸ்டி ஸ்டெப்பும் கோலும் ஒரே முறையில் செல்லும். மந்திரம் எழுதிய சுருளும் அப்படித்தான்.

இதிலிருந்து இன்னொன்று கிளைக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. புதிய கவுண்டர்ஸ்பெல், அதாவது பிறர் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம், சொல்லோ சைகையோ பொருளோ தேவைப்படும் மந்திரத்தைப் பார்த்தால்தான் பாயும். மந்திரப் பொருளிலிருந்து போடும் மந்திரத்துக்கு, பொருளின் குறிப்பில் வேறாகச் சொல்லாதவரை, இந்த மூன்றும் வேண்டாம். அப்படியானால் கோலிலிருந்து வரும் மேஜிக் மிசைலைக் கவுண்டர்ஸ்பெல்லால் தடுக்க முடியாது. சுருளின் குறிப்போ பொருள் தேவையை மட்டுமே நீக்குகிறது. சொல்லும் சைகையும் அங்கே நிற்கின்றன. எனவே சுருளைத் தடுக்கலாம், கோலைத் தடுக்க முடியாது. இதை ஒரே இடத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மூன்று இடத்தில் கிடக்கும் மூன்று வாக்கியத்தைச் சேர்த்துப் படித்தால்தான் விடை கிடைக்கிறது. வில்லன் கையில் கோலைக் கொடுக்கும் டிஎம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் கவுண்டர்ஸ்பெல் எடுத்து வைத்த விசார்ட் (மந்திரவாதி) முகம் சுருங்கும்.

கோலையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் ஆட்டக்காரர்கள் அதிகம் வீணாக்குவது இதைத்தான். மேஜிக் மிசைல்ஸ் கோலில் 7 சார்ஜ், அதாவது செலவழித்துத் தீரும் சக்தி அலகு. ஒரு சார்ஜ் போட்டால் முதல் நிலை மந்திரம், மூன்று அம்பு, ஒவ்வொன்றும் 1d4+1. கூடுதல் சார்ஜ் ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு கூடும். ஒரே மூச்சில் மூன்று சார்ஜ் வரைதான் கொட்டலாம்: ஐந்து அம்பு, சராசரி 17.5. அதே மூன்றை ஒவ்வொன்றாக மூன்று முறை போட்டால் ஒன்பது அம்பு, சராசரி 31.5. எனவே எதிரி அடுத்த முறைக்குள் சாகப்போகிறான் என்றால் மட்டும் கொட்டலாம். விடியலில் 1d6+1 சார்ஜ் திரும்பும், சராசரி 4.5. கடைசிச் சார்ஜைச் செலவழித்தால் டி20 (இருபதுமுகப் பகடை) உருட்டணும், 1 விழுந்தால் கோல் சாம்பல். நூற்றுக்கு ஐந்துதான் என்றாலும், அந்த ஒரு சார்ஜ் தரும் 10.5 காயத்துக்காக 400 பொற்காசுப் பொருளைப் பணயம் வைக்கிற கணக்கு அது. ஆறு சார்ஜ்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆடுவதே நல்லது. மேசையில் இதைக் கணக்கு வைக்கச் சிறந்த கருவி புளியங்கொட்டை. ஏழு கொட்டையை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு விசார்ட் முன்னால் வைத்துவிட்டால், பென்சிலால் அடித்தடித்து எழுதும் குறிப்பைவிடத் தெளிவு. "இன்னும் எத்தனை இருக்குடா?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அட்யூன்மெண்ட், அதாவது சில மந்திரப் பொருளோடு ஆள் தன்னைப் பிணைத்துக்கொள்ளும் விதி, அதில் பெரிய மாற்றமில்லை, இருக்கவும் வேண்டாம். ஒருவருக்கு மூன்று பொருள்தான். ஒரு ஷார்ட் ரெஸ்ட் (ஒரு மணி நேர ஓய்வு) முழுக்க அந்த ஒரு பொருளோடு உட்காரணும். பொருள் என்னவென்று தெரிந்துகொள்ள இன்னொரு ஷார்ட் ரெஸ்ட் ஆகும், இரண்டும் ஒன்றாகாது. ஐடென்டிஃபை மந்திரம் பொருளைத் தெரிந்துகொள்ளும் அந்த ஓய்வை மிச்சப்படுத்தும். அதற்கு 100 பொற்காசு மதிப்புள்ள முத்து வேண்டும், ஆனால் முத்து தீர்ந்துபோகாது. போஷன் மட்டும் விலக்கு, நாக்கில் தொட்டாலே தெரிந்துவிடும். ஒரே பொருளின் இரண்டு பிரதியோடு அட்யூன் ஆக முடியாது. எனவே இரண்டு ரிங் ஆஃப் ப்ரொடெக்‌ஷன் (காப்பு மோதிரம்) போட்டுக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தலாம். ரிங் ஆஃப் ப்ரொடெக்‌ஷனோடு க்ளோக் ஆஃப் ப்ரொடெக்‌ஷன் (காப்பு மேலங்கி) போட்டு வந்தால் நிறுத்த முடியாது, பெயர் வேறு, இரண்டும் கூடும்.

சாபப் பொருள்களில் இன்னும் அதே தந்திரம்தான். ஐடென்டிஃபை கூட சாபத்தைக் காட்டாது. அட்யூன் ஆனபின் கழற்ற முடியாமல் தெரிந்துகொள்ளணும். புதிதாக வந்த ஆட்டக்காரர் முன்னால் இதைச் செய்தால் ஏமாற்றியதாகவே தோன்றும். சாபப் பொருளை வைக்கும் அறையில் ஒரு துப்பாவது வையுங்கள்: கையில் இன்னும் கோடரியைப் பிடித்திருக்கும் எலும்புக்கூடு, சுற்றிலும் அவனுடைய தோழர்களின் எலும்புகள்.

நூறு அடிக்கு மேல் 24 மணி நேரம் பிரிந்தால் அட்யூன்மெண்ட் அறுந்துவிடும். இங்கேதான் ஒரு ஓட்டை. அட்யூன் ஆன மோதிரத்தை பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மந்திரப் பையில் போட்டால் தூரம் எவ்வளவு? பை இடுப்பில் இருக்கிறது, உள்ளே இருப்பது வேறு வெளி. நூல் வாய் திறக்கவில்லை. பை யாரிடம் இருக்கிறதோ அந்த இடமே பொருளின் இடம் என்று எடுத்துக்கொள்வதுதான் ஆட்டத்துக்கு வசதி. மறுபடி மறுபடி ஒரு மணி நேர ஓய்வுகளை எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் ஆசையில்லை.

பையைப் பற்றி வந்ததால் அதையும் முடித்துவிடலாம். 500 பவுண்டு, 64 கன அடி. நம் கணக்கில் 227 கிலோ. ஐம்பது கிலோ ஜவ்வரிசி மூட்டை நான்கு போகும், ஐந்தாவதை வைத்தால் பை கிழிந்து நான்கும் ஆஸ்ட்ரல் வெளியில் (உலகங்களுக்கு இடையிலான வெளி) சிதறும். இடம் நிறைய மிச்சம் இருக்கும், எடைதான் முதலில் முட்டும். ஆட்டக்காரர்கள் கன அடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆளை உள்ளே ஒளிப்பதென்றால் பத்து நிமிடக் காற்று, ஆள் எண்ணிக்கையால் வகுக்கணும். இரண்டு பேர் என்றால் ஐந்தே நிமிடம். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பது இருக்கட்டும், மாட்டுவண்டியில் போனால் முதல் வளைவுக்கு முன்பே இருவரும் பையைத் தட்ட ஆரம்பிப்பார்கள். போர்ட்டபிள் ஹோலுக்குள் (மடித்து எடுத்துச் செல்லும் மந்திரக் குழி) பையை வைத்தால் இரண்டும் அழிந்து, பத்தடிக்குள் இருப்பவர்களை ஆஸ்ட்ரல் வெளிக்கு இழுத்துவிடும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அதை ஆயுதமாக்கும் திட்டம் பத்துக்கு ஒன்பது மேசையில் வரும். போடுகிறவரும் பத்தடிக்குள்தான் நிற்கிறார் என்று ஞாபகப்படுத்தினால் போதும்.

ஜோடிப் பொருள் விதியில் உள்ளூர்க்காரருக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது. காலணி, கையுறை, கைக்காப்பு போன்றவை இரண்டையும் அணிந்தால்தான் வேலை செய்யும். ஒரு கால் உனக்கு, ஒரு கால் எனக்கு என்று பங்கு போட முடியாது. ஒற்றைச் சிலம்பை வைத்துக்கொண்டு மதுரையை எரித்த ஊர் நம்முடையது. ஆனால் இந்த விதிப்படி ஒற்றைச் சிலம்புக்கு ஒரு தீக்குச்சிப் பலன்கூடக் கிடையாது. சேர்வராயன் மலையைக் களமாக வைத்து ஆடுகிறவர்கள் ஓசையில்லாமல் நடக்க வைக்கும் பூட்ஸ் ஆஃப் எல்வன்கைண்டை அப்படியே விட வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் அடித்த வெள்ளிக் கொலுசு, நடந்தால் ஓசையே எழுப்பாது என்று மாற்றிவிடுங்கள். ஓசை எழுப்பாத கொலுசைவிட இந்த ஊருக்குப் பொருத்தமான மந்திரப் பொருள் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கொலுசு என்றதும் "காலணி தனி, கொலுசு தனி" என்று இன்னொரு மந்திரக் காலணியையும் மாட்டிக்கொள்ள வருவார்கள். வேடத்தை மாற்றினாலும் இடம் மாறாது, கொலுசும் காலணி இடத்தைத்தான் பிடிக்கும் என்று பொருளைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இதே வகையில் அடிக்கடி வரும் இன்னொன்று ப்ரேசர்ஸ் ஆஃப் டிஃபென்ஸ் என்ற கைக்காப்பு. கவசமும் கேடயமும் இல்லாவிட்டால் ஏசி, அதாவது அடிபடாமல் காக்கும் எண், +2. மேஜ் ஆர்மர் மந்திரம் கவசமா? பெயரில் ஆர்மர் இருந்தாலும் அது கவசமல்ல, மந்திரம். எனவே அது தரும் 13-உம் டெக்ஸ் (சுறுசுறுப்பு) கூட்டலும் அதன்மேல் 2-உம் செல்லும். கேடயத்தை எடுத்த நொடி அந்த 2 போய்விடும். பேர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் டிஎம்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

இனி, செய்முறை. புதிய அத்தியாயத்தின் உண்மையான முன்னேற்றம் இதுவே. 2014 கைடில் ஒரு நாளைக்கு 25 பொற்காசு மதிப்புக்குத்தான் வேலை நடக்கும். பொருள்களின் அரிது நிலை காமன், அன்காமன், ரேர், வெரி ரேர், லெஜண்டரி என்று ஏறும். லெஜண்டரிப் பொருளுக்கு 5,00,000 பொற்காசு, வகுத்தால் 20,000 நாள், அதாவது ஐம்பத்து நான்கு வருடத்துக்கும் மேல். தாத்தா தொடங்கிய வாளைப் பேரன் முடிப்பான். வெரி ரேருக்கு 2,000 நாள். மனிதப் பாத்திரம் எவரும் செய்யாத வேலைக்கு எதற்கு ஒரு அட்டவணை என்று கேட்காத டிஎம் இல்லை. 2017-இல் வந்த துணைநூலான ஸனதார்ஸ் கைடு இதை வாரக் கணக்காக்கிச் சரிசெய்தது. 2024 நூல் அந்த எண்களையே நாள் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது: காமன் 5 நாள் 50 பொற்காசு, அன்காமன் 10 நாள் 200, ரேர் 50 நாள் 2,000, வெரி ரேர் 125 நாள் 20,000, லெஜண்டரி 250 நாள் 1,00,000. ஒரு முறை பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருளுக்கு இதில் பாதி. சுருளுக்குத் தனிக் கணக்கு. முதல் நிலைச் சுருள் ஒரு நாள் 25 பொற்காசு, ஹீலிங் போஷனும் அதே.

செய்கிறவருக்கு ஆர்கானா (மந்திர அறிவு) தேர்ச்சி வேண்டும், பொருளுக்கேற்ற கருவியிலும் தேர்ச்சி வேண்டும். மோதிரத்துக்கு நகைத் தொழிலாளி கருவி, கோலுக்கும் தண்டுக்கும் மரச்செதுக்குக் கருவி, போஷனுக்கு ரசவாதக் கருவியோ மூலிகைக் கருவியோ, சுருளுக்கு எழுத்தர் கருவி. மேலங்கி போன்றவற்றுக்கு நெசவுக் கருவி செல்லும். நாளைக்கு எட்டு மணி நேரம். தகுதியுள்ள இன்னொருவர் கூட உட்கார்ந்தால் நாள் பாதியாகும். எல்லாவற்றிலும் அதிகம் தவறுவது ஒரு நிபந்தனையில்: பொருள் ஏதாவது மந்திரம் போடுவதாக இருந்தால், செய்யும் ஒவ்வொரு நாளும் அந்த மந்திரத்தைச் செய்கிறவர் தயாராக வைத்திருக்கணும். மந்திரம் தெரியாத ஃபைட்டர் (சண்டைக்காரர்) தனியே உட்கார்ந்து மேஜிக் மிசைல்ஸ் கோல் செதுக்க முடியாது. சொந்தக் கோட்டைக்குள் ஒரு ஆர்கேன் ஸ்டடி (மந்திரப் படிப்பறை) கட்டியிருந்தால், எட்டாம் அத்தியாயத்து பாஸ்டியன் (கோட்டை) விதிப்படி ஒன்பதாம் லெவலுக்குப் பின் அங்குள்ள வேலையாளிடம் காமன், அன்காமன் பொருள்களைச் செய்யச் சொல்லலாம். அதுவும் புதையல் அட்டவணைகளில் ஆர்கானா பட்டியலில் உள்ளவை மட்டும்.

கவசம், ஆயுதம் செய்யும்போது அடிப்படைச் சாமான் விலை தனி. +1 ப்ளேட் (முழு உலோக) கவசம் செய்ய 2,000-உம் ஐம்பது நாளும் போக, ப்ளேட்டுக்கே 1,500 வேண்டும், அல்லது அதையும் அடித்துச் செய்யணும். இதை மறந்து வெறும் 2,000 வாங்கிக்கொண்டு அனுப்பும் டிஎம்களால்தான் ஆறாம் லெவலில் எல்லோரும் ப்ளேட்டில் திரிகிறார்கள்.

இவ்வளவு தூரம் பாராட்டியதற்குப் பிறகு வரும் குறை சின்னதல்ல. விலை. 2014-இல் விலை ஒரு வீச்சு: அன்காமன் 101 முதல் 500, ரேர் 501 முதல் 5,000, வெரி ரேர் 5,001 முதல் 50,000. டிஎம்முக்கு வளைக்க இடம் இருந்தது. 2024-இல் ஒற்றை எண்: காமன் 100, அன்காமன் 400, ரேர் 4,000, வெரி ரேர் 40,000, லெஜண்டரி 2,00,000. அடிப்படைச் சாமான் விலையைக் கூட்டிக்கொள்ளணும். எண் தெளிவாக இருக்கிறது, அன்காமனிலிருந்து வெரி ரேர் வரை படி ஒவ்வொன்றும் பத்து மடங்கு, ஆனால் அந்தப் படியில் பொருளை ஏற்றி வைத்தவர்கள் பலனைப் பார்த்து ஏற்றவில்லை.

ஏசி ஒன்று கூட்ட வேண்டும் என்று கடைக்குப் போகிறவரைக் கற்பனை செய்யுங்கள். +1 கேடயம் அன்காமன், கேடயத்தின் 10-ஐச் சேர்த்து 410 பொற்காசு, அட்யூன்மெண்ட் வேண்டாம். க்ளோக் ஆஃப் ப்ரொடெக்‌ஷன் அன்காமன், 400, அட்யூன்மெண்ட் வேண்டும், ஏசியோடு சேவிங் த்ரோவுக்கும் (ஆபத்தைத் தாங்க உருட்டும் பகடை) +1. ரிங் ஆஃப் ப்ரொடெக்‌ஷனும் அதே +1 ஏசி, அதே +1 சேவ், அதே அட்யூன்மெண்ட். ஆனால் ரேர், 4,000. ஒரே சரக்கு, ஒன்று துணியில், ஒன்று உலோகத்தில், விலை பத்து மடங்கு. +1 ப்ளேட்டுக்கு மந்திரப் பங்கு மட்டும் 4,000, மொத்தம் 5,500. செய்கிறவர் கணக்கிலும் இதே அநியாயம்: மேலங்கி பத்து நாள், மோதிரம் ஐம்பது நாள். நெசவாளி ஐந்து மேலங்கி முடிக்கும்போதுதான் நகைத் தொழிலாளி ஒரு மோதிரத்தைக் கழுவி எடுப்பார். 2014-இல் இந்த ஏணிக் கோளாறு கண்ணில் படவில்லை, ஏனென்றால் விலை மூடுமந்திரமாக இருந்தது. பொருள் செய்வதும் நடக்கவில்லை. இப்போது எண்ணை அச்சடித்துவிட்டதால் ஆட்டக்காரர்கள் கால்குலேட்டரோடு வருகிறார்கள். "எப்படி இயக்குவது" என்ற பழைய சண்டை தீர்ந்தது, சண்டை கடைவாசலுக்கு நகர்ந்திருக்கிறது.

காண்ட்லெட்ஸ் ஆஃப் ஓகர் பவர் (வலிமை தரும் கைக்கவசம்) இன்னொரு சிக்கல், இது விலையோடு பங்குச் சண்டையும் சேர்ந்தது. வலிமையை 19 ஆக்கும், கூட்டாது. வலிமை 18 உள்ள ஃபைட்டருக்கு 19 ஆனாலும் பகடையில் சேரும் கூட்டல் அதே +4, அதில் ஒரு பயனும் இல்லை. வலிமை 8 உள்ள க்ளெரிக்குக்கு (பூசாரி) -1 இருந்து +4, ஐந்து படி. 400 பொற்காசுக்கு இதைவிட லாபம் எதிலும் இல்லை. ஆனால் "கைக்கவசம் என்றால் சண்டைக்காரனுக்குத்தான்" என்று கொடுத்து வீணாக்குவது வழக்கம். பொருளைத் தரும் முன் எல்லோருடைய தாளையும் பாருங்கள்.

இந்த விலைக் கோளாறுக்கு மருந்து புதிய நூலில் இல்லை, பழைய நூலில் பாதி இருக்கிறது. ஸனதார்ஸ் கைடில் வாங்கும் விலையை உருட்டிப் போடலாம்: அன்காமன் 1d6×100, ரேர் 2d10×1,000. அன்காமன் சராசரி 350, புதிய விலையோடு ஒத்துப்போகிறது. ரேர் சராசரி 11,000, புதிய விலையைவிட இரண்டரை மடங்குக்கு மேல். இதை அப்படியே பயன்படுத்தினால் செய்வதும் வாங்குவதும் வெகு தூரம் விலகும், எல்லோரும் பட்டறை போட்டுவிடுவார்கள். நடைமுறையில் எளிய வழி: அத்தியாயத்தின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏசி, சேவ், பறத்தல் ஆகிய மூன்றைத் தொடும் அன்காமன் பொருளுக்கு மட்டும் கடை விலை 1,500 என்று போடுங்கள். க்ளோக், +1 கேடயம், பறக்கும் பூட்ஸ், பறக்கும் விளக்குமாறு எல்லாம் இதில் அடங்கும். 2014-இல் விளக்குமாறு அட்யூன்மெண்ட் இல்லாமலே ஐம்பதடி வேகத்தில் பறந்தது. அதை 400-க்கு விற்கும் கடைக்காரர் அடுத்த மாதமே கடையை மூடணும்.

வேறு ஆட்டங்கள் இதை எப்படிக் கையாண்டன என்று ஒரு பார்வை. டி அண்ட் டி-யின் பழைய 3.5 பதிப்பில் மந்திர ஆயுதத்துக்குக் கூட்டல் எண்ணின் வர்க்கம் பெருக்கல் 2,000, கவசத்துக்கு வர்க்கம் பெருக்கல் 1,000. +3 வாளின் மந்திரப் பங்கு 18,000. சூத்திரம் இருந்ததால் விலைச் சண்டை குறைவு. ஆனால் எல்லோரும் உடம்பு முழுக்கப் பொருளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி லெவல், தனி விலை: +1 பொட்டன்ஸி ரூன் (ஆயுதத்தில் பொறிக்கும் மந்திர எழுத்து) இரண்டாம் லெவல், 35 பொற்காசு. ஸ்ட்ரைக்கிங் ரூன் நான்காம் லெவல், 65. ஒருவர் ஒரு நாளில் பத்துப் பொருள் வரை இன்வெஸ்ட் (அட்யூன்மெண்ட் போன்ற பிணைப்பு) செய்யலாம். கடைக்கணக்குப் பிடித்த குழுவுக்கு அதுவே நிம்மதி. ஆனால் விதி கற்கும் சுமை கூடுதல், ஐந்தாம் பதிப்பிலிருந்து வருகிறவர்கள் ரூன்களிலேயே ஒரு மாதம் தடுமாறுவார்கள்.

புத்தகமாக இதன் தரம் பற்றிச் சுருக்கமாக. கெட்டி அட்டை, வழுவழுத் தாள், கனம் அதிகம். பொருள்கள் அகரவரிசையில், படம் நிறைய, தேட எளிது. புதையல் அட்டவணைகள் இப்போது ஆர்கானா (மந்திரவாதிப் பொருள்), ஆர்மமெண்ட்ஸ் (போர்க்கருவி), இம்ப்ளிமெண்ட்ஸ் (பயன்கருவி), ரெலிக்ஸ் (புனிதப் பொருள்) என்று நான்கு வகையாகப் பிரிந்திருக்கின்றன. குகையில் யார் குடியிருந்தார்கள் என்று பார்த்து உருட்டலாம், மந்திரவாதி வீட்டில் கோடரி கிடைக்கிற அபத்தம் குறைவு. வழுவழுத் தாளுக்கு ஒரு எச்சரிக்கை: தட்டுவடை செட் மேசைக்கு வந்தால் புத்தகத்தை மூடி வையுங்கள். சட்னி பட்டால் துடைத்துவிடலாம், காரட்-பீட்ரூட் சாறு பட்டால் இளஞ்சிவப்பு போகாது. ஏற்காட்டு ஈரத்தில் தாள் அலையலையாக வளையும், மேலே கொண்டுபோனால் இரவு பையை ஜிப் போட்டு மூடி வையுங்கள்.

புத்தகத்தை எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் வந்த எஸ்ஆர்டி 5.2 (அடிப்படை விதிகளின் தொகுப்பு) கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். அட்யூன்மெண்ட், அரிது நிலை, மேலே சொன்ன பொருள்களில் பெரும்பாலானவை அதில் உண்டு. ஆட்டக்காரருக்கு அது போதும். மேசைக்கு ஒரு நூல், அது டிஎம் கையில். அட்டவணை உருட்டிப் புதையல் வைக்காத, பொருள் செய்யவும் விடாத டிஎம் என்றால் அந்த ஒன்றும் அவசியமில்லை. 2014 நூலும் எஸ்ஆர்டி தாள்களும் வைத்தே ஓட்டலாம். பாஸ்டியன் கட்ட விரும்பும் குழுவுக்கு மட்டும் இது தவிர்க்க முடியாதது.

கடைசியாக ஒரு பழக்கம், இது நூலில் இல்லை. பொருள் கிடைத்ததும் 3×5 அங்குலச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: பெயர், எந்தச் செயலால் இயங்கும், சார்ஜ் எத்தனை. அட்யூன்மெண்ட் வேண்டுமென்றால் மூலையில் சிவப்புப் பேனாவால் வட்டம். ஒருவர் முன்னால் மூன்று சிவப்பு வட்டத்துக்கு மேல் கிடந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.